குளிர்கோட்டின் பையில் இருபது லேபிள்கள்

அவள் கணவர் செத்து இரண்டு மாதம் கழித்து அவருடைய குளிர்கோட்டு வீடு வந்து சேர்ந்தது. உறைகிடங்கில் போடுகிற தடித்த நீலக் கோட்டு. கொண்டுவந்தவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற பெரியவர். கிடங்கில் எல்லோருக்கும் அவர் ஃபோர்க் அண்ணன்.

"லாக்கரை வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்கம்மா. இதைக் குப்பையில போடப் பாத்தானுங்க. நான்தான் பிடுங்கிட்டு வந்தேன்."

"உக்காருங்கண்ணே, டீ போடறேன்."

"இருக்கட்டும்மா." வாசல் வரை போனவர் திரும்பினார். "ஊரே சொல்லட்டும். அவர் சோதிக்காம கையெழுத்துப் போட்டார்னு நான் ஒரு நாளும் நம்பல."

அவள் தரையைப் பார்த்தாள். இந்த மனிதர் நம்பாததை அவள் நம்பியிருந்தாள்.

கிடங்கில் அவள் கணவருக்கு மைனஸ் என்று பெயர். கடல் கடந்து போகும் ஒவ்வொரு கன்டெய்னரிலும் மீன் ஏற்றுமுன், இருபது பெட்டிகளைத் திறந்து, கல்லாக உறைந்த மீன் கட்டியில் துளை போட்டு, ஊசி வெப்பமானியைச் செருகிப் பார்ப்பது அவர் வேலை. மைனஸ் பதினெட்டு டிகிரி வராவிட்டால் ஏற்ற விடமாட்டார். மேனேஜர் கத்துவார், கப்பல் ஏஜென்ட் போனில் அழாத குறையாகக் கெஞ்சுவார். இவர் பிடித்த பிடியை விடமாட்டார். "கன்டெய்னர் குளிர வைக்காதுப்பா. இருக்கிற குளிரைக் காப்பாத்தும், அவ்வளவுதான் அதுக்குத் தெரியும்" என்பது அவர் பல்லவி.

அவளும் ஆறு வருஷம் அங்கே பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டினவள்தான். "வீட்லயும் மைனஸ்தானாடி?" என்று கூட இருந்த பெண்கள் கிண்டல் செய்வார்கள். "வீட்ல கொதிக்கிற தண்ணி, கிட்ட போய்ப் பாரு" என்பாள் அவள்.

அப்படிப்பட்டவர் கையெழுத்திட்ட கன்டெய்னர் ஒன்று நான்கு வாரம் கடலில் போய் அக்கரையில் இறங்கியபோது, கதவைத் திறந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்களாம். அடியில் இருந்த பெட்டிகள் இளகி, ஒழுகி, மறுபடி பாதி உறைந்து தரையோடு ஒட்டிக் கிடந்தன. சரக்கு முழுவதையும் அங்கேயே அழித்துவிட்டார்கள். பழி இவர் தலையில் விழுந்தது. சோதிக்காமல் கையெழுத்திட்டதற்காக வேலைநீக்கம் என்று, கன்டெய்னர் எண்ணும் சரக்கின் தேதியும் போட்டு, உடைமாற்றும் அறைப் பலகையில் நோட்டீஸ் ஒட்டினார்கள். மற்றவர்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று மேனேஜர் அதைக் கிழிக்க விடவில்லை.

அவர் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் அவள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டாள். "உண்மையச் சொல்லுங்க. முட்டி வலின்னு பாக்காமலே கையெழுத்துப் போட்டுட்டீங்களா?"

அவர் சுவரிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். "ஆமா" என்றார்.

அதற்குப் பிறகு அவர்களுக்குள் பேச்சு குறைந்துபோனது. ஐந்தாம் மாதம் ஒரு மத்தியானம், செருப்பு மாட்டக் குனிந்தவர் அப்படியே சரிந்தார்.

ஓடியாடி எல்லாம் செய்தவன் அவள் தம்பிதான். அதே கிடங்கில் சரக்கு ஏற்றும் பகுதிக்கு சூப்பர்வைசர்; பூட்டுச் சாவிகளெல்லாம் அவனிடம்தான். "என் தம்பிக்கு ஒரு வழி பண்ணுங்க" என்று அவள் நச்சரித்து, அவர் நாலு பேர் காலைப் பிடித்து வாங்கிக் கொடுத்த வேலை. அவர் போன பிறகு ஒரு ஞாயிறு தவறாமல் வந்தான். குழாயைச் சரி செய்தான், காஸ் சிலிண்டரை மாற்றினான். தம்பியுடையான் படைக்கு அஞ்சான் என்று பக்கத்து வீட்டுக்காரிகூடச் சொன்னாள்.

கோட்டை உதறி மாட்டப் போனபோது உள்பையில் ஏதோ தட்டுப்பட்டது. ஒரு கையுறை, ஒரு பென்சில், ஒரு சின்ன நோட்டு. அந்தக் குளிரில் பேனா எழுதாது. எல்லோரும் பென்சில்தான் வைத்திருப்பார்கள். நோட்டில் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் ஒரு பக்கம். துளையிட்ட பெட்டியின் லேபிளைக் கிழித்து ஒட்டி, பக்கத்தில் குளிரின் அளவை எழுதிவைப்பது அவர் பழக்கம்.

நோட்டீஸில் இருந்த அந்தக் கன்டெய்னர் எண் அவளுக்கு மனப்பாடம். அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தாள். லேபிள்கள் இருந்தன. இருபதும் இருந்தன. மைனஸ் இருபது, மைனஸ் பத்தொன்பது, மைனஸ் இருபது.

சோதித்திருக்கிறார்! அப்படியானால் ஏன் ஆமா என்றார்?

லேபிள் ஒட்டின கை சும்மா இருக்குமா? அவள் விரல் தானாகவே தேதியைத் தேடிப் போனது. நோட்டீஸின்படி கன்டெய்னரில் போனது ஏற்றிய அதே வாரத்து மீன். லேபிள்களில் இருந்ததோ ஏழு வாரத்துக்கு முந்தைய தேதி. இருபதும் ஒரே பேலட், ஒரே மரத்தட்டில் அடுக்கிய பெட்டிகள். கிடங்கின் பின்கோடியில் பூட்டி வைக்கும் பழைய சரக்கு.

பக்கத்தைத் திருப்பினாள். மடித்துச் செருகியிருந்த தனித்தாள் ஒன்றில் அவர் கையெழுத்து.

"முட்டி வலி. ஏணி ஏறவில்லை. இருபதையும் மச்சான் எடுத்துக் கொடுத்தான். அக்கரையிலிருந்து செய்தி வந்த அன்றுதான் தேதியைப் பார்த்தேன். நானே எடுக்காதது என் தப்பு."

மேலே, நடுவே, அடியில், சுவரோரம் என்று சோதிக்கிறவன்தான் ஏறி இறங்கிப் பெட்டியைப் பொறுக்க வேண்டும். "அடுத்தவன் எடுத்துக் குடுத்தா அது சோதனை இல்ல, உபசாரம்" என்று ஊருக்கெல்லாம் சொன்னவர், மச்சான்தானே என்று ஒரே ஒரு நாள் கீழே நின்றிருக்கிறார்.

அன்று ஞாயிறு. மத்தியானம் வழக்கம்போலத் தம்பி வந்தான். கை கழுவிவிட்டு உட்கார்ந்தான். தட்டு இருக்கும் இடத்தில் நோட்டு இருந்தது.

"என்னக்கா, பசிக்குதுன்னு வந்தா பரீட்சை வைக்கிற?"

"படி."

படித்தான். காது மடல் சிவந்தது.

"கப்பல் காத்திருக்காதுக்கா. மீனு லேட்டா வந்துச்சு. மைனஸ் ஒம்பதுதான் இருந்துச்சு. அதான் நல்லா உறைஞ்ச பழைய பெட்டியா எடுத்துக் குடுத்தேன். மேனேஜர் கழுத்துல கத்தி வெச்ச மாதிரி நிக்கிறார். போற வழியில கன்டெய்னர்லயே உறைஞ்சிடும்னு நெனச்சேன்."

"கன்டெய்னர் குளிர வைக்காதுன்னு உன் மாமா பாட்டா பாடினாரே, அப்ப உன் காதுல என்ன வெச்சிருந்த?"

அவன் நோட்டை மூடினான்.

"நோட்டீஸ் ஒட்டினப்போ சொல்லியிருக்கலாமே. அவரைத் தூக்கிட்டுப் போனப்போ முன்னால நின்னு தோள் குடுத்தியே, அப்பவாவது சொன்னியாடா?"

"மாமாவுக்குத் தெரியும்க்கா. அவர் கால்ல விழுந்தேன். 'உங்கக்காகிட்ட மட்டும் சொல்லாத, அவளுக்குன்னு இருக்கிறது நீ ஒருத்தன்தான்'னு அவர்தான் சொன்னார்."

அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து பேசி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் ஒருத்திதான் எதுவும் தெரியாமல், குற்றமில்லாத மனிதரோடு ஐந்து மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்திருக்கிறாள்.

"அந்த நோட்டைக் குடுத்துடுக்கா. எனக்கும் பொண்டாட்டி புள்ள இருக்கு. போனவர் திரும்பியா வரப் போறார்?"

"அவர் வர வேண்டாம். அவர் பேரு வரட்டும்." நோட்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "எழுந்திரு. இந்த வீட்ல உனக்கு இனிமே தட்டு இல்ல."

மறுநாள் காலை, வேலை மாறும் நேரத்துக்கு அவள் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு கிடங்குக்குப் போனாள். அதன் கை அவள் விரல்களையும் மூடியது. காவல்காரர் ஏதோ கேட்க வாயெடுத்தார், கோட்டைப் பார்த்துவிட்டுப் பேசாமல் ஒதுங்கினார்.

நோட்டீஸ் பிளாஸ்டிக் உறைக்குள் அப்படியே இருந்தது. அதன் கீழே லேபிள்கள் இருந்த பக்கத்தை மட்டும் கிழித்து ஒட்டினாள். ஒன்றும் எழுதவில்லை. அங்கே வேலை செய்கிற பெண்களுக்கு அதைப் படித்துக் காட்ட வேண்டியதில்லை. ஒருத்தி குனிந்து பார்த்தாள், இன்னொருத்தியைக் கூப்பிட்டாள். பத்துப் பேர் கூடிவிட்டார்கள்.

"இது பின்கோடிப் பேலட்டுடி."

"நோட்டீஸ்ல இருக்கிற தேதி வேற இல்ல?"

"இருபதும் ஓட்ட போட்டுப் பாத்திருக்காரு பாரு. பாக்கலன்னுதானே சொன்னானுங்க?"

"பின்கோடிச் சாவி யார்கிட்ட இருக்கும்?"

அந்த நேரம் தம்பி உள்ளே வந்தான். சூப்பர்வைசருக்கு வழக்கம்போல வழி விட்டார்கள். ஆனால் ஒருத்தியும் காலை வணக்கம் சொல்லவில்லை. பலகை வரை அவன் தனியாக நடந்து போனான். கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்த ஃபோர்க் அண்ணன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அவள் வெளியே வந்தாள். வெயிலில் கோட்டு கனத்தது. அவர் எழுதிய தாள் பையில் மடித்து இருந்தது. அதை யாருக்கும் காட்டுவதாக இல்லை. பாதி வழியில் நின்று, அவர் பக்கத்தில் நடப்பதுபோலத் திரும்பிக் கேட்டாள்.

"ஏங்க, ஆமான்னு ஏன் சொன்னீங்க? என்கிட்ட?"