தண்ணீரைக் கண்டால் சிரிக்கும் ஹிபா

ஹிபாவுக்கு நாலு வயதாகியும் ஒரு சொல் வரவில்லை. சிரிப்பு மட்டும் வந்துகொண்டே இருந்தது. ஊசி போட்டாலும் சிரித்தாள், விழுந்து முழங்கால் சிராய்த்தாலும் சிரித்தாள். கைகளைத் தோளளவு தூக்கிக்கொண்டு, கால்களை அகல வைத்து, வெட்டி வெட்டி நடப்பாள். காத்தான்குடியில் அந்தத் தெரு முழுக்க, "சந்தோசமான புள்ள, றிஸானா. பேச்சு சுணங்கி வரும்" என்றது. தாய் றிஸானா தலையாட்டுவாள். உள்ளுக்குள் ஏதோ அரித்துக்கொண்டே இருக்கும்.

ஒருநாள் பின்னேரம், அஸர் தொழுகை நேரம். கொடியில் காய்ந்த உடுப்பை எடுத்துவிட்டுத் திரும்பினால் முற்றத்தில் பிள்ளை இல்லை. கணவனின் தங்கையான மச்சி இர்ஷானா பெரிய ரோட்டுப் பக்கம் ஓடினாள். றிஸானாவின் கால்கள் தாமாகவே ஆற்றங்கரைக்குப் போயின. கரைச் சேற்றில் வளர்ந்த கண்ணாப் பற்றைகளுக்கு அப்பால், நெஞ்சளவு தண்ணீரில் நின்று ஹிபா தண்ணீரை அடித்து அடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

உடுத்த உடுப்போடு இறங்கித் தூக்கினாள். கரைக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. பிள்ளையின் கண்கள் ஒரு பக்கமாய்ச் செருகின. உடம்பு வெட்டியிழுத்தது.

ஆஸ்பத்திரியில் வலிப்பு அடங்கிய பிறகு டொக்டர் சுலோஜனா வந்தார். ஹிபாவின் தலையை நாடாவால் அளந்தார். நடக்கவிட்டுப் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"நித்திரை குறைவோ?"

"ஓம்."

"சும்மா சும்மா சிரிப்பாவோ? கைய உதறி உதறி அடிப்பாவோ?"

"ஓம் டொக்டர்."

"தண்ணியெண்டா நல்ல விருப்பமோ?"

றிஸானா நிமிர்ந்து பார்த்தாள். "எங்கட வீட்டுக்கு வந்து பாத்தமாதிரிக் கேக்கிறீங்களே."

"ஏஞ்சல்மன் எண்டு ஒரு குறைபாடு இருக்கு. மரபணுவில வாறது. ரத்தம் அனுப்பித்தான் உறுதியாச் சொல்லலாம்."

"வயித்தில இருக்கக்குள்ள நான் ஏதும் பிழையாச் செஞ்சிட்டனா?"

"இல்ல. இது நீங்க செஞ்ச பிழையில்ல."

ரத்தப் பரிசோதனை முடிவு வர இரண்டு மாதம் எடுத்தது. அதுவரை றிஸானாவால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கேற்றுக்கு இரண்டாவது கொண்டி போட்டாள். வாளிகளைக் கவிழ்த்து வைத்தாள். கழுவிய பானையையே மறுபடி கழுவினாள்.

டொக்டர் சந்தேகப்பட்டது சரியாகத்தான் இருந்தது. ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்று போனில் கட்டாரிலிருந்த கணவன் முனாஸுக்குச் சொன்னாள். அவன் கேட்டது ஒன்றுதான்.

"கதைக்கவே மாட்டாளா?"

"வாயால கதைக்கிறது கஷ்டமாம். ஆனா நாம சொல்றது கனக்க விளங்குமாம். வேணுமெண்டதப் படத்தக் காட்டிக் கேக்கப் பழக்கச் சொல்றாங்க."

மருந்தோடு வலிப்பு குறைந்தது. றிஸானாவின் பதற்றம்தான் குறையவில்லை. பத்துப் படங்களை அட்டையில் ஒட்டி, சாப்பிடும்போதெல்லாம் காட்டினாள். ஹிபா அவற்றைக் கடித்தாள், எறிந்தாள். மூன்றாம் மாதம் ஒரு காலையில், வாழைப்பழப் படத்தைப் பிடுங்கி இர்ஷானாவின் மடியில் போட்டாள்.

"மச்சி, தெரியாமப் போட்டாளோ?" என்று கேட்டாள் இர்ஷானா.

"முதல்ல பழத்தக் குடு" என்றாள் றிஸானா.

தின்று முடித்த ஹிபா, மடியில் கிடந்த அதே படத்தைத் தேடி எடுத்து மறுபடி நீட்டினாள். றிஸானா அடுத்த பழத்தை உரித்தாள்.