பன்றிக்குழியின் மேல் ஒரு நிழல்

நூர் முகமது ராவுத்தர் காணாமல்போன முந்நூற்று எழுபத்தோராம் நாள், அவருடைய நிழல் மட்டும் சிறுமலை அடிவாரக் காட்டில் தென்பட்டது. அது ஒரு பட்டாம்பூச்சியின் நிழல். சிறகை மூடினால் பூச்சி காய்ந்த இலை, நிழல் இராது. விரித்தால் நீலம், தரையில் ஆறடி ஆள், இடது தோள் சற்றுத் தாழ்ந்து, நூர் முகமது நிற்பதுபோலவே. விறகு பொறுக்கப்போன பெண்கள் பார்த்தார்கள், வந்து சொன்னார்கள், உலை வைத்தார்கள்.

அவர் பேகம்பூர்த் தோல் ஷாப்புகளுக்கு, தோல் பதனிட, ஆவாரம்பட்டை வாங்கித் தந்தவர். கோடையில் காட்டுக்குப் போனால் பாதி நேரம் இந்தப் பூச்சியைத்தான் தேடுவார். 1957 வைகாசியில் அப்படித் தேடிப் போனவர் திரும்பவில்லை. கூடப்போன மூக்கையா, பட்டை உரிப்பவன், "பூச்சி பின்னாடி போனாரு, பொறகு நான் பாக்கல" என்றதோடு சரி. ஒட்டன்சத்திரத்துக் காய்கறி லாரியில் ஏறிக் கேரளத்துக்கு ஓடிவிட்டார் என்று ஊர் முடிவு செய்தது. கணவன் இறந்தால் மனைவி நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும். அவர் மனைவி குர்ஷித் பேகத்தை ஜமாத் அதற்கும் விடவில்லை. மவுத்தை, அவர் இறந்ததைக் கண்ட சாட்சி வேண்டும் என்றது. "அவன் அங்க பிள்ளகுட்டியோட இருப்பான், நீ கருகமணியத் தடவிக்கிட்டு இரு" என்றார் அவளுடைய அண்ணன் நைனா முகமது.

ஆகவே அவள் காட்டுக்குப் போனாள். மூன்று கோடைகள், மூக்கையாவை வழிகாட்டச் சொல்லி. நிழலைப் பலமுறை கண்டாள். நெருங்கினால் பூச்சி இலையாகிவிடும். ஓர் ஓடைக்கு அப்பால் மட்டும் மூக்கையா அவளை விட்டதில்லை.

"அங்கிட்டு கரடி கெடக்கும்மா."

"மூணு வருசமா ஒரே கரடியா?"

1961 வைகாசியில் அவள் ஓடையைத் தாண்டினாள். சருகுப் பரப்பொன்றின் நடுவே பூச்சி சிறகை விரித்தது. நிழல் எழுந்து நின்றது, இம்முறை மறையவில்லை. அவள் செருப்பைக் கழற்றினாள். ஓர் எட்டு வைத்தாள். இன்னோர் எட்டுக்குக் காலைத் தூக்கினாள்.

"கால் வைக்காதீங்கம்மா! பன்னிக்குழி!"

தூக்கிய கால் அப்படியே நின்றது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"காட்டுப்பன்னி விழ நான் வெட்டுனது. ஃபாரஸ்ட்காரனுக்குப் பயந்து, வருசா வருசம் சருகு போட்டு மூடுறேன்."

நிழல் மெல்ல உட்கார்ந்தது. பிறகு, அலுத்து வந்தவர்போலச் சருகின்மேல் படுத்துக்கொண்டது. இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குர்ஷித் பேகம் காலைப் பின்னால் வைத்து, முக்காட்டை இழுத்துவிட்டாள்.

"சத்தமாச் சொல்லு, மூக்கையா. ஜமாத்துல சொல்லப்போற மாதிரி சொல்லு."

"ராவுத்தர் அன்னைக்கே மவுத்தாயிட்டாரும்மா. இதுக்குள்ளதான் கெடக்காரு."