மூன்று பிரதிகளும் ஒரு ரப்பர் பேண்டும்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. சித்தி போட்ட உத்தரவு. ஒரு நூலகத்தின் டிஜிட்டல் பிரிவுக்கு அவர்தான் தலைவர், அவர்தான் மொத்த ஊழியர். திரும்பி வரும் புத்தகங்களுக்குள் வாசகர்கள் மறந்துவிட்டுப் போன தாள்களைப் பதினோரு வருடமாக ஸ்கேன் செய்து ஒரு சர்வர் கணினியில் சேர்த்து வைத்திருக்கிறார்: அனுப்பாத கடிதங்கள், மருந்துச் சீட்டுகள், ஒரு ராஜினாமா. ஆக மொத்தம் 9,340. அசல் தாள்களை, இடமில்லை என்று நூலகம் எப்போதோ கழித்துவிட்டது.

"காலேஜ் பத்திரிகையில ஊரையே கிண்டல் பண்றியே, எங்க சர்வரைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை எழுதேன்டா. வெள்ளிக்கிழமை அதை நிறுத்தப்போறாங்க."

"நல்ல வார்த்தை எனக்கு வராதே சித்தி."

"வராட்டி வரவழை."

2

முதல் தொடக்கம்: அந்தச் சர்வர், வயதான யானையைப் போலப் பெருமூச்சு விட்டபடி—

வேண்டாம். சர்வர் யானை இல்லை. ஃப்ரிட்ஜ் மாதிரி இருக்கும். திறந்தால் தின்ன ஒன்றும் இருக்காது.

இரண்டாம் தொடக்கம்: தலைமை நூலகர் ஒரு கல்நெஞ்சக்காரர்—

இதுவும் வேண்டாம். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது: "அதான் ஹார்ட் டிஸ்க்ல மூணு பிரதி இருக்கேம்மா. இந்தக் கிழட்டு மெஷினை எதுக்குக் கட்டிக்கிட்டு அழணும்?"

(இது அடிக்குறிப்பு, அடியில் போய் உட்கார மறுத்துவிட்டது. ஒன்று அழிந்தாலும் இன்னொன்று பிழைக்க வேண்டும் என்பதற்காக மூன்று பிரதி வைப்பது இந்தத் தொழிலின் விதி. மூன்றும் வெவ்வேறு இடத்தில் இருக்க வேண்டும் என்பது அதே விதியின் அடுத்த வரி.)

3

கதையில் சிரிப்பு போதவில்லை. அதனால் ஒரு பொய் சேர்த்தேன்: மூன்று டிஸ்க்குகளும் ஒரே பீரோவில், ஒரே தட்டில், ஒரே ரப்பர் பேண்டுக்குள். பிழை பார்க்கச் சித்திக்கு அனுப்பினேன். பத்தே நிமிடத்தில் போன்.

"யாருடா உனக்குச் சொன்னா?"

"எதை?"

"ரப்பர் பேண்டை."

[இந்த இடத்தில் ஓர் எழுத்தாளன் பெருமைப்பட வேண்டும். பட்டேன், மூன்று விநாடி.]

"நாந்தான்டா கட்டினேன். ஒண்ணைவிட்டு ஒண்ணு பிரிஞ்சு போயிடக் கூடாதேன்னு."

"திறந்து பார்த்தீங்களா?"

"இப்பதான். முதல் டிஸ்க்ல உயிரே இல்ல. ரெண்டாவது டக்கு டக்குன்னு சத்தம் மட்டும் போடுது. மூணாவதுல…"

"மூணாவதுல?"

"தலைமை நூலகர் கேக் வெட்டற போட்டோ. நூத்தி நாப்பது. எவனோ நம்ம ஸ்கேனையெல்லாம் அழிச்சிட்டு இதை ஏத்திட்டான். எல்லா போட்டோலயும் நான் கைதட்டிக்கிட்டு நிக்கறேன்."

ஆக, உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே பிரதி, வெள்ளிக்கிழமை நிற்கப்போகும் அந்த ஃப்ரிட்ஜுக்குள் இருந்தது. அன்று புதன்.

4

வில்லன் பாத்திரத்துக்கு நான் ஒதுக்கியிருந்த ஆள் ஒத்துழைக்கவில்லை. சித்தி சொன்னதைக் கேட்டுத் தலைமை நூலகர் பொத்தென்று உட்கார்ந்தார்.

"வெள்ளிக்கிழமையைத் தள்ளிப்போட என்கிட்ட அதிகாரம் இல்லம்மா. வேற என்ன வேணும்னாலும் கேளுங்க."

"ஒரு நல்ல டிஸ்க் வேணும் சார்."

"கேக்கை அழிச்சிடுங்க."

5

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) மின்சாரம் போனது. எண்ணிக்கை 9,339-இல்— (மலிவு. அடித்துவிட்டேன்.)

ஆ) எல்லாம் பிழைத்தது, எல்லோரும் கட்டிப்பிடித்து— (சித்தி யாரையும் கட்டிப்பிடிப்பவர் இல்லை.)

இ) நடந்தது. வெள்ளி மூன்று மணிக்குள் 9,340-உம் கேக் இருந்த டிஸ்க்குக்கு வந்து சேர்ந்தன. சித்தி நம்பவில்லை, நூற்றுக்கு ஒன்றாகத் திறந்து பார்த்தார். ராஜினாமா திறந்தது. அதன் பிறகுதான் சர்வரை அணைக்க விட்டார். அந்தப் பிரதி நூலகத்திலேயே இருக்கிறது. இன்னொன்று எடுத்துக் கிளை நூலகத்துக்கு அனுப்பியாயிற்று. மூன்றாவதுக்கு இடம் வேண்டும்.

"என் ரூம்ல வச்சுக்கட்டுமா சித்தி?"

"உன் ரூம்ல உன்னையே தேட வேண்டியிருக்கு. படிக்கிறவங்க யாராவது வச்சுப்பாங்களான்னு கேளு."

கேட்கிறேன். டிஸ்க் உள்ளங்கை அளவுதான். சோறு தண்ணீர் கேட்காது. ஒரே நிபந்தனை: மாதம் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். எந்த மாதம் மறக்கிறீர்களோ, இந்தக் கதை அந்த மாதம் முடியும்.