ரீஜெக்ஸைச் சோதிக்க ஒரு ரீஜெக்ஸ்

வீட்டில் அவன் இளையவன், அலுவலகத்தில் புரோகிராமர். அவன் எழுதுவதில் ஓட்டை தேடும் டெஸ்டர் வேறு யாருமில்லை, சொந்த அண்ணிதான். இந்த உறவு வெளியே தெரிந்தால், வேலை நிரந்தரமாகும்போது 'அண்ணி தயவு' என்று நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்பது அவன் பயம். அதனால் சேர்ந்த அன்றே கெஞ்சிக் கூத்தாடி அண்ணியின் வாயைக் கட்டிவிட்டான். ஆறு மாதமாக அவன் "மேடம்" என்பான். அண்ணி சிரிப்பை விழுங்கிக்கொண்டு "சார்" என்பார்.

அந்த ஆறு மாதம் இன்றோடு முடிகிறது. பதினோரு மணிக்கு மேனேஜர் வந்து வேலையைப் பார்ப்பார். பிடித்திருந்தால் நிரந்தரம், இல்லையென்றால் பையைத் தூக்க வேண்டியதுதான்.

வேலை என்னவோ சின்னதுதான். ஒரு பஸ் கம்பெனிக்கு வரும் புகார்க் கடிதங்களைத் தேட, அங்கிருப்பவர்கள் ரீஜெக்ஸ் அடிப்பார்கள். 'நாலு எண், பிறகு ஒரு கோடு' என்பதைக் குறிகளாலேயே சொல்லும் சுருக்கெழுத்து அது. யாராவது அடைப்புக்குறியைத் திறந்துவிட்டு மூட மறந்தால், திரை மொத்தமும் படுத்துவிடும். அடித்தது செல்லுபடியாகும் ரீஜெக்ஸ்தானா என்று தேடுவதற்கு முன்பே பார்த்துச் சொல்ல வேண்டும்.

புத்திசாலி என்ன செய்தான்? ரீஜெக்ஸைச் சோதிக்க இன்னொரு ரீஜெக்ஸ் எழுதினான். மூன்று வாரம் சோறு தண்ணி மறந்து எழுதியதில் எழுநூறு குறிகள் தேறின. கீபோர்டில் பூனை நடந்த மாதிரி இருந்தாலும், அவனுக்கு அது பெற்ற பிள்ளை.

பத்தரைக்கு அண்ணி வந்து நின்றார்.

"சார், ஒரு தடவ பாத்துடட்டுமா?"

"தாராளமா பாருங்க மேடம். அசைக்கவே முடியாது."

அண்ணி அந்த எழுநூறு குறிகளையும் காப்பியெடுத்து, திரையில் ரீஜெக்ஸ் அடிக்கும் பெட்டிக்குள்ளேயே போட்டுத் தட்டினார். 'செல்லாது' என்றது திரை.

இளையவன் தானே இன்னொரு தடவை தட்டிப் பார்த்தான். "அதெப்படி? நல்லா ஓடிக்கிட்டிருக்கே!"

"அதத்தான் நானும் கேக்கறேன்." அண்ணி குரலைத் தாழ்த்தினார். "தம்பி, ரீஜெக்ஸை வாங்கித் தேடப்போற புரோகிராம் இருக்கே, எஞ்சின், அதுகிட்டயே குடுங்க. ஏத்துக்கிட்டா செல்லும். எரர்னு கத்துச்சுன்னா அதைப் பிடிச்சு, 'செல்லாது'ன்னு சொல்லிடுங்க. சாவியப் பூட்டுல போட்டுப் பாக்காம, மூணு வாரமா அதோட பல்ல எண்ணிக்கிட்டிருக்கீங்களே!"

"எனக்கும் தெரியும்" என்றான். பச்சைப்பொய். மணி பத்து நாற்பது. பெற்ற பிள்ளையை அழிக்கும்போது அழுகையே வந்துவிட்டது. நாலே வரி எழுதினான். அண்ணி மூடாத அடைப்பைப் போட்டார், ஒற்றை நட்சத்திரக்குறியைப் போட்டார், கடைசியில் அந்த எழுநூறையும் போட்டார். முதல் இரண்டுக்கும் 'செல்லாது', எழுநூறுக்கு 'செல்லும்' என்று சரியாகப் பதில் வந்தது.

பதினோரு மணிக்கு மேனேஜர் குனிந்து திரையைப் பார்த்தார்.

"அழகா இருக்கு. யோசனை உன்னோடதா?"

'ஆமாம்' என்று ஒரு சொல் போதும். அண்ணி தரையைப் பார்த்தபடி நின்றார். காட்டிக்கொடுக்க மாட்டார். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"இல்ல சார். எங்க அண்ணி சொன்னாங்க."

"வீட்ல கேட்டுட்டு வந்தியா?"

"இல்ல சார். இதோ நிக்கிறாங்களே, இவங்கதான்."

அறையே திரும்பிப் பார்த்தது. மேனேஜர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"நெனச்சேன். ஆறு மாசத்துல உன் வேலையில நாப்பத்தோரு தப்பு எழுதிக் குடுத்திருக்காங்க. சொந்தக்காரங்களத் தவிர யாரு இவ்வளவு ஆசையா தப்பு கண்டுபிடிப்பாங்க?"

"நாப்பத்திரெண்டு சார்" என்றார் அண்ணி. "பெட்டியக் காலியா விட்டுத் தட்டினா, எல்லாக் கடிதமும் வந்து கொட்டுது."

"சரி அண்ணி, பாக்கறேன்" என்றான் இளையவன், அறை முழுக்கக் கேட்கும்படி.