வழுக்குக் கம்பத்தில் மால்ட்டாக்காரி

கோசோத் தீவில் பட்டப்பெயர் இல்லாத குடும்பம் குடும்பமே இல்லை. ஞானஸ்நானப் பெயர் பாதிரியாருக்கு, குடும்பப்பெயர் அரசாங்கத்துக்கு. ஊருக்கு 'வெங்காயம்' வீட்டு ஸ்பீரு, 'முக்கால்மூக்கு' வீட்டு சால்வினா என்றால்தான் ஆள் தெரியும். பெயர் எவ்வளவு கேவலமோ அவ்வளவு பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

ரொமினாவுக்கு அப்படி ஒரு பெயர் இல்லை. பக்கத்துத் தீவான மால்ட்டாவிலிருந்து, கைக்குழந்தையாக இருந்த நாள் முதல், ஆகஸ்ட் விடுமுறைக்குத் தவறாமல் வருகிறாள். முன்பு அப்பா அம்மாவோடு, இப்போது கணவன் நோயல், மகள் மார்ட்டாவோடு. விரிகுடாவைப் பார்த்த அதே வாடகை வீடு. கப்பல் துறைமுகத்துக்குள் திரும்பும்போதே அவளுக்கு மூச்சு சீராகிவிடும். இந்த வருடம் ஸ்பெயின் போகலாமா என்று நோயல் ஒருமுறை கேட்டுவிட்டு ஒரு வாரம் தனியாகச் சாப்பிட்டான். அவ்வளவு பிரியம். அப்படியும் ரொட்டிக்கடையில் அவள் தலை தெரிந்தால், "மால்ட்டாக்காரங்க வந்துட்டாங்க, வெலைய ஏத்துடா" என்றுதான் சிரிப்பார்கள். நாற்பது வயதாகியும் விருந்தாளி! அது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

அதனால்தான் இந்த வருட ஊர்த் திருவிழாவின் வழுக்குக் கம்பப் போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போனாள். கடலுக்கு மேலே சாய்வாக நீட்டிய கம்பம், மேலெல்லாம் பன்றிக் கொழுப்பு, நுனியில் கொடி. விழாமல் ஓடிப் பறிக்க வேண்டும்.

விழாத் தலைவர் சென்சு, வெங்காயம் வீட்டுப் பெரியவர், காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். "கம்பம் ஊர்க்காரங்களுக்கு, புள்ள. நீ வெயில் காஞ்சிட்டுக் கப்பலேறுறவ."

"இந்தத் தண்ணியிலதான் நான் நீஞ்சக் கத்துக்கிட்டேன், அண்ணே."

"மீனும்தான் கத்துக்கிச்சு. அதுக்கென்ன பட்டப்பேரா வச்சோம்?"

எல்லோரும் சிரித்தார்கள். ரொமினா நகரவில்லை. கடைசியில் சென்சு மீசைக்குள் சிரித்தபடி, "சரி, ஓடு. ஆனா மொத ஆளா ஓடணும். வரிசை கடைசி வரைக்கும் மாறக் கூடாது" என்றார்.

முதலில் ஓடுகிறவன் கொழுப்பைத் துடைக்கத்தான் லாயக்கு. கடைசி இடம் எப்போதும் தலைவர் வீட்டுக்கு. இதெல்லாம் தெரிந்தேதான் அவள் ஒத்துக்கொண்டாள்.

விழா நாளில் பாறை முழுக்கக் கூட்டம். ஒவ்வொருவரையும் வீட்டுப் பெயர் சொல்லி ஒலிபெருக்கியில் அழைத்த சென்சு, அவளை மட்டும் "மால்ட்டாக்காரி!" என்றார். அவள் கம்பத்தில் கால் வைத்தாள், அடுத்த நொடி தண்ணீரில் இருந்தாள். மார்ட்டா முகத்தை மூடிக்கொண்டாள். பின்னால் வந்தவர்களும் தொப்புத் தொப்பென்று விழுந்தார்கள். சுற்று மேல் சுற்று போனது. ரொமினாவுக்கு முட்டி சிராய்த்து, முகமெல்லாம் கொழுப்பு. திரும்பத் திரும்ப ஏறினாள்.

ஒரு சுற்றின் கடைசியில் சென்சுவின் மகன் ஸ்பீரு ஓடினான். பாதியில் சறுக்கி, தன் பெருத்த வயிறு கம்பத்தில் தேய நுனிவரை போனான். கொடியை விரல் தொட்டது, ஆள் விழுந்தான். தரை துடைத்தது போலக் கம்பம் சுத்தமாகிவிட்டது.

கடைசி ஆளுக்கு அடுத்து யார்? முதல் ஆள். சென்சு இதை யோசித்திருக்கவே இல்லை.

"இரு, இரு! கொழுப்புத் தடவணும்!" என்று வாளியைத் தேடினார்.

"வரிசை மாறக் கூடாதுன்னு நீதானய்யா சொன்ன? குந்து, வெங்காயம்!" என்று பாறையிலிருந்து கத்தினாள் சால்வினா. கூட்டமே "குந்து! குந்து!" என்றது.

ரொமினா ஓடினாள். நுனிக்கு ஓரடி இருக்கும்போது கால் வழுக்கியது. விழுந்தவள் கம்பத்தையே கட்டிக்கொண்டாள். தலைகீழாகத் தொங்கியபடி கையை நீட்டிக் கொடியைப் பிடுங்கினாள். படகுகளெல்லாம் ஊதின. நோயல் சட்டையைக் கழற்றிச் சுழற்றினான்.

"ஜெயிச்சாச்சுல்ல, குதி!" என்றார் சென்சு.

"மாட்டேன்! பேரு வைங்க, அப்பத்தான் எறங்குவேன்!"

"அடியே, விட்டுத் தொலை! பாறையில ஒட்டுன சிப்பி மாதிரி..."

ஒலிபெருக்கி அவர் கையில்தான் இருந்தது. விரிகுடா முழுக்கக் கேட்டது. "சிப்பி! சிப்பி!" என்று பாறை பாறையாகக் கூச்சல் எழுந்தது. சென்சு தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அவருக்கே சிரிப்பு தாங்கவில்லை. ஒலிபெருக்கியை நிமிர்த்திப் பிடித்து, முறைப்படி அறிவித்தார். "கொடி எடுத்தது, சிப்பி வீட்டு ரொமினா!"

அவள் கையை விட்டாள்.

தண்ணீரில் ஸ்பீரு காத்திருந்தான். "நான் தொடச்சு வச்ச கம்பம், சிப்பி."

"ஒன் வயிறு நல்லா இருக்கட்டும், வெங்காயம்."

மார்ட்டா பாறையிலிருந்து குதித்து நீந்தி வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அம்மா, அப்ப நானும் சிப்பியா?"

"நீயும்தான். ஒம் புள்ளைங்களும்தான்" என்றாள் ரொமினா. அழுதாள், மறைக்கவும் இல்லை.