ரெண்டு நல்லது, ஒண்ணு கரி

மாவு மில் மோட்டார் எரியாமல் ஓடுகிறதே என்று ஒரு மனிதர் வருத்தப்பட்டார் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அதுவும் அது அவருடைய மனைவியின் மில் என்றால், சொல்கிறவனுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்பார்கள். ஆனாலும் வைண்டருக்கு வருத்தம்தான்.

எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புச் சுருள்களை வெட்டியெடுத்துவிட்டு, புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பது அவர் தொழில். தொழிலே பெயராகி ஒட்டிக்கொண்டது. கோபம் வந்தால் மனைவியும் "என்ன வைண்டரே" என்றுதான் ஆரம்பிப்பாள். மில் அவள் அப்பாவிடமிருந்து அவளுக்கு வந்தது. அப்பா காலத்தில் மோட்டார் எரிந்தால் இவரைக் கூப்பிடுவார்கள். இவர் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து வேலை பார்ப்பார். அவள் டார்ச் அடிப்பாள்.

"எல்லாச் சுருளும் ஒரே மாதிரி கறுத்திருந்தா பாரம் ஜாஸ்தின்னு அர்த்தம்" என்று ஒருநாள் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார். "இங்க பாரு. ரெண்டு நல்லது, ஒண்ணு கரி. ரெண்டு நல்லது, ஒண்ணு கரி. சுத்தி வர இப்படியே இருக்கா? அப்போ கரண்ட் வர்ற மூணு பேஸ்ல ஒண்ணு போயிருக்கு. மூணு பேர் தூக்கற மூட்டையை ஒருத்தன் நைசா விட்டுட்டா இன்னொருத்தன் முதுகு ஒடியுமில்ல, அதுதான்."

மோட்டார் அடிக்கடி எரிந்தது. "மோட்டாரா எரியுது, மாப்பிள்ளை எரிக்கிறாரா?" என்று தெருவில் சிரித்தார்கள். சிரித்தவர்கள் எல்லோரும் கல்யாணத்துக்கும் வந்தார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகும் அந்த வழக்கம் மாறவில்லை. மோட்டார் போனால் அவளே கடை வாசலுக்கு வந்து நின்று, "வாங்க, போயிடுச்சு" என்பாள். யார் வேலையாக இருந்தாலும் அப்படியே போட்டுவிட்டுக் கிளம்புவார். அவர் சுருள் இறக்க, சுருளுக்கு அடியில் வைக்கும் காப்புத் தாளை அவள் மடித்து மடித்துக் கொடுப்பாள். மற்ற நாட்களில் அவள் மில்லில், அவர் கடையில்; வீட்டில் இருவரும் களைத்துப்போன இரண்டு பேர். அந்த மோட்டாருக்கு முன்னால் உட்காரும்போதுதான் அவர்கள் பேசிக்கொண்டார்கள். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, அவளிடம்கூட.

இந்த நிலையில்தான் பேனல் தம்பி வந்து சேர்ந்தான்.

மெஷின்களுக்கு ஸ்விட்சுப் பலகை செய்து மாட்டுகிறவன். ஏதோ சின்ன வேலைக்கு வந்தவன், மில் ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டியை மாட்டிவிட்டான். பிரிவென்டர் என்று பெயர். மூன்று பேஸையும் அது கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒன்று போனாலும் சரி, மற்ற இரண்டைவிட ஒன்று ரொம்ப இறங்கினாலும் சரி, சுருள் சூடாவதற்குள் மோட்டாரை நிறுத்திவிடும். நன்றாக இருந்தால் பச்சை விளக்கு, இல்லாவிட்டால் சிவப்பு.

"இப்படி ஒரு பெட்டி இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள் மனைவி.

"தெரியும். அதெல்லாம் பெரிய ஃபேக்டரிக்கு."

"கிணத்து மோட்டாருக்கே மாட்டறாங்களாம். தம்பி சொல்றாரு."

"தம்பி சொல்லுவாரு. தம்பிக்குப் பெட்டி விக்கணுமில்ல."

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்காததுதான் வைண்டருக்குள் முள்ளாகத் தங்கியது.

அன்றிலிருந்து மோட்டார் எரியவில்லை. வீட்டில் பேச்செல்லாம் தம்பி மயம். தம்பி ஒயர்களை எவ்வளவு அழகாக வரிசைப்படுத்துகிறார், தம்பி வேலை முடிந்ததும் தரையைத் தானே கூட்டிவிட்டுப் போகிறார். கூட்டினானாம். வைண்டர் தன் கடைத் தரையைக் கூட்டியதாகச் சரித்திரம் இல்லை. அவன் சட்டைப் பையில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று பேனா. மூன்று பேஸுக்கு மூன்று நிறமாம். அவளை 'அக்கா' என்பான். இவரை 'சார்' என்பான். அக்கா புருஷன் எந்த ஊரில் சார் ஆனான் என்று வைண்டர் மனதுக்குள் பொருமினார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்டார்ட்டருக்கு மேலே சுவரில் அவன் போன் நம்பரை அவளே தன் கையால் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். வைண்டரின் நம்பர் அந்தச் சுவரில் என்றைக்குமே இருந்ததில்லை. தேவைப்பட்டதில்லை, அது வேறு விஷயம். வயிறு எரிகிறவனுக்கு அந்தக் கணக்கெல்லாம் புரியுமா?

ஒரு வாரம் பெட்டி படுத்த ஆரம்பித்தது. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரைத் திடீர் திடீரென்று நிறுத்தியது. சிவப்பு விளக்கு, கொஞ்ச நேரம் கழித்துப் பச்சை, மறுபடி ஓட்டம், மறுபடி சிவப்பு. அவள் தம்பிக்குப் போன் செய்தாள். வெளியூர் வேலையில் இருந்தவன், "வந்து பார்க்கறேன் அக்கா. அதுவரைக்கும் நின்னா நிக்கட்டும், பெட்டியில மட்டும் யாரும் கை வெச்சிடாதீங்க" என்றான்.

மறுநாள் காலை அவள் சல்லடை வலை வாங்கக் கடைத்தெருவுக்குப் போனாள். மில்லைப் பார்த்துக்கொள்ள வைண்டர் உட்கார்ந்தார். கோதுமை மூட்டையும் சோளப் பையுமாக வாசல் வரை வரிசை. பெட்டி வழக்கம்போல நிறுத்தியது. மறுபடி ஓட்டினார், மறுபடி நின்றது.

வரிசையில் முன்னால் நின்ற தையற்காரம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது. "மோட்டாருக்கு வைத்தியம் பார்க்கறவரு பக்கத்துல நிக்கறப்பவே மோட்டார் படுத்துக்குதே" என்றாள்.

"லைன்ல கரண்ட் சரியில்லம்மா."

"மேல நம்பர் எழுதியிருக்கே, அந்தத் தம்பியைக் கூப்பிடுங்களேன். நல்ல பையன். வந்தா நொடியில சரி பண்ணிடுவாரு."

வரிசையே தலையாட்டியது. வைண்டர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. டெஸ்ட் விளக்கை எடுத்து மெயின் ஸ்விட்சில் மூன்று பேஸையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மூன்றிலும் விளக்கு பளிச்சென்று எரிந்தது. அப்படியானால் லைன் சரியாக இருக்கிறது, பெட்டி பொய் சொல்கிறது. மோட்டார் நிற்கும்போது பார்த்தால் போதாது, ஓடிப் பாரம் இழுக்கும்போதுதான் பார்க்கவேண்டும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. பெட்டி பொய் சொல்லவேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆசை வந்தால் தெரிந்ததும் மறந்துபோகும்.

ஒரு துண்டுக் கம்பியை எடுத்துப் பெட்டியின் இரண்டு திருகுகளுக்கு நடுவே பாலம் போட்டார். இனி பெட்டி கத்தினாலும் ஸ்டார்ட்டர் காதில் விழாது. பச்சைப் பொத்தானை அழுத்தினார். மோட்டார் ஓடியது. சற்றுப் பொறுத்துப் பெட்டியில் சிவப்பு விளக்கு வந்தது. அப்போதும் மோட்டார் ஓடியது. வரிசை நகர்ந்தது. "பரவாயில்லையே" என்றாள் தையற்காரம்மா. வைண்டர் மீசையைத் தடவிக்கொண்டார்.

மோட்டாரின் குரல் மாறியதை அவர் காது கேட்டது. கனமான ஒரு முனகல். கேட்டும் கேளாதவர்போல மாவைத் தள்ளிக்கொண்டிருந்தார். பாரம் மிஞ்சினால் மோட்டாரை நிறுத்த ஸ்டார்ட்டரில் இருக்கும் ஓவர்லோடு ரிலேயாவது காப்பாற்றியிருக்கும். அதை அவரேதான் ஒரு காலத்தில், அடிக்கடி தொந்தரவு செய்கிறது என்று கடைசிக் கோட்டுக்குத் திருகி வைத்திருந்தார். சுருளில் பூசிய வார்னிஷ் கருகும் வாசனை மூக்கில் ஏறியபோது எழுந்து ஓடினார். நேரம் தப்பிவிட்டது.

அவசர அவசரமாகப் பாலத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

அவள் வந்தாள். வாசலிலேயே வாசனை பிடித்து, சல்லடை வலையைக் கீழே வைத்துவிட்டு நேராக உள்ளே வந்தாள். "பிரிங்க" என்றாள். அவர் மூடியைக் கழற்றினார். அவள் குனிந்து பார்த்தாள். யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

"ரெண்டு நல்லது, ஒண்ணு கரி" என்றாள். "பேஸ்தான் போயிருக்கு. அப்புறம் அந்தப் பெட்டி எதுக்கு அங்க தொங்குது?"

வைண்டர் வாயைத் திறக்குமுன் அவள் போனை எடுத்துவிட்டாள். அவள் திட்டியதை வைண்டர் வாழ்நாளில் மறக்கமாட்டார். பெட்டியை நம்பச் சொன்னீங்களே தம்பி, இப்போ என் பிழைப்பு நிக்குது, வந்து பதில் சொல்லுங்க. தாகத்தில் இருந்தவன் தொண்டையில் பானைத் தண்ணீர் இறங்குவதுபோல ஒவ்வொரு வார்த்தையும் அவருக்குள் இறங்கியது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். இன்றோடு அந்த நம்பர் சுவரிலிருந்து அழியும்.

பேனல் தம்பி அன்றைக்கே வந்துவிட்டான். வந்தவன் ஒரு பேஸின் பியூஸைப் பிடுங்கினான். பெட்டி டக்கென்று சிவப்பு காட்டி, ஸ்டார்ட்டரை நிறுத்தியது. திரும்பப் போட்டு, இன்னொன்றைப் பிடுங்கினான்; அதற்கும் நிறுத்தியது. பெட்டியில் ஒரு குறையும் இல்லை. பிறகு குனிந்து திருகுகளைப் பார்த்தான். இரண்டு திருகின் தலையிலும் புதுக் கீறல். இடுக்கில் முடி மாதிரி ஒரு செம்பு இழை. அதை விரல் நுனியில் எடுத்து உருட்டினான். வைண்டரைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்க்கவில்லை.

வாசலில் ஆட்களைச் சமாதானப்படுத்திவிட்டு அவள் உள்ளே வந்தாள். "என்னவாம்?"

"பெட்டியிலதான் கோளாறு அக்கா. சில பெட்டி இப்படி வந்துடுது. நான் பார்த்து மாட்டியிருக்கணும், என் தப்புதான். வேற மாத்திக் குடுத்துடறேன்."

"தப்புன்னு சொன்னா ஆச்சா? வெளியே எத்தனை பேர் மூட்டையோட திரும்பிப் போறாங்க தெரியுமா?"

"தெரியுது அக்கா." தலையைக் குனிந்து நின்றான்.

வைண்டர் எதிர்பார்த்தது எல்லாம் நடந்துகொண்டிருந்தது. ஆனால் பானைத் தண்ணீர் கசந்துவிட்டது. இந்தப் பையன் தனக்காக வசவு வாங்குகிறான். கேட்காமல் வாங்குகிறான். தரை கூட்டுவதில் அவன், ஒயர் வரிசையில் அவன், இப்போது பெருந்தன்மையிலும் அவன்தானா? ஒன்றையாவது அடுத்தவனுக்கு விட்டுவைக்கமாட்டானா? இவன் போட்ட பிச்சையில் தன் மனைவி முன்னால் நல்லவனாக நிற்பதா?

"பெட்டி மேல தப்பில்ல" என்றார் வைண்டர். "நான்தான் கம்பி போட்டு ஓட்டினேன்."

பையிலிருந்த துண்டுக் கம்பியை எடுத்து மேசைமேல் வைத்தார். நல்ல மனதால் செய்தாரா என்றால், இல்லை. பொறாமைதான் அவர் வாயைத் திறந்தது.

பேனல் தம்பி மெயின் ஸ்விட்சைத் திறந்து பார்க்கப்போவதுபோல நழுவினான்.

"தெரியாமயா செஞ்சீங்க?" என்றாள் அவள்.

"தெரிஞ்சுதான்."

"இத்தனை வருஷமா பெட்டி இருக்கறது தெரிஞ்சும் சொல்லாம இருந்தீங்களே, அதுவும் இப்படித்தானா? எனக்குப் புரியல. மோட்டார் எரிஞ்சா உங்களுக்கு என்ன லாபம்?"

வைண்டர் தரையைப் பார்த்தார். "எரிஞ்சாத்தானே நீ என்னைக் கூப்பிடுவே."

அவள் மேசைமேல் கிடந்த துண்டுக் கம்பியைக் கையில் எடுத்தாள். பிறகு, "ஒரே வீட்டுல இருக்கற ஆளைக் கூப்பிட மோட்டார் எரியணுமா?" என்றாள். குரல் உயரவில்லை. அவள் கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்தப் பக்கமிருந்து பேனல் தம்பி குரல் கொடுத்தான். மெயின் ஸ்விட்சில் நடு பேஸின் ஒயர் முனை தளர்ந்து, சூடேறி, நீலம் பாய்ந்து கிடந்தது. பாரம் ஏறும்போதெல்லாம் அங்கே தொடர்பு விட்டுப்போயிருக்கிறது. "இந்த வாரம் முழுக்கப் பெட்டி இதைத்தான் சொல்லிக்கிட்டு இருந்திருக்கு அக்கா" என்றான், யாரையும் பார்க்காமல்.

"வெளியே இன்னும் நாலு பேர் நிக்கறாங்க" என்று அவள் கணவனிடம் சொன்னாள். "மோட்டார் எப்படி எரிஞ்சுதுன்னு நீங்களே போய்ச் சொல்லுங்க."

போய்ச் சொன்னார். தையற்காரம்மா இன்னும் போகவில்லை. "ஏன் ஐயா, கட்டின பொண்டாட்டி மோட்டாருக்கே சூனியமா?" என்று கேட்டாள். அது தெரு முழுக்கப் பரவ அதிக நேரம் ஆகவில்லை.

மோட்டாரைக் கடைக்கு எடுத்துப்போய் அவர் தனியாகவே சுற்றினார். காப்புத் தாளைத் தானே மடித்தார். வாசலில் நிழல் தட்டும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தார், அவள் வரவில்லை. சாப்பாட்டுத் தூக்கு வந்தது, பக்கத்துக் கடைக்காரர் கையில்.

வார்னிஷ் காய்ந்து, மோட்டாரை மாட்டிய அன்று பேனல் தம்பியும் வந்திருந்தான். மெயின் ஸ்விட்சில் கருகிய முனையை வெட்டிவிட்டுப் ஒயரில் புது முனையை அழுத்திப் பொருத்தி, போல்ட் போட்டு முடித்திருந்தான். ஓவர்லோடு ரிலேயை மோட்டார் தகட்டில் போட்டிருந்த ஆம்பியருக்கு இறக்கிவைத்திருந்தான். பெட்டி பச்சை காட்டியது.

அவள் பொத்தானுக்குப் பக்கத்தில் நின்றாள், அழுத்தவில்லை. "என்னங்க" என்றாள். மோட்டார் எரிந்த பிறகு அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "தம்பி செஞ்சதை நீங்க ஒரு தடவை பாருங்க. நீங்க சரின்னு சொன்னாத்தான் போடுவேன்."

பேனல் தம்பி ஒதுங்கி வழிவிட்டான்.

மெயினை இறக்கிவிட்டு வைண்டர் கையை உள்ளே விட்டார். ஒயர் முனையைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். ஸ்பானரை வாங்கி போல்ட்டில் மாட்டித் திருகினார். இம்மிகூடத் திரும்பவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அழுத்தின இடத்தைத் தேடினார். ஓர் இழை வெளியே துருத்திக்கொண்டிருந்தால் போதும், சின்னதாக ஒரு வார்த்தை சொல்லலாம். ஒன்றும் இல்லை. அவர் செய்திருந்தாலும் இவ்வளவுதான் செய்திருப்பார். இவ்வளவு செய்திருப்பாரா என்பதும் சந்தேகம்தான். நெஞ்சுக்குள் பழைய எரிச்சல் அதே இடத்தில் அப்படியே இருந்தது.

"என்ன, சரியா இருக்கா?" என்றாள் அவள்.

வைண்டர் மெயினை ஏற்றிவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். துடைக்க அங்கே அழுக்கு எதுவும் இல்லை.

"சரியாத்தான் இருக்கு" என்றார். "போடு."

அவள் போட்டாள்.