மெக்கானிக் அக்காவுக்கு ஒரு முடிவு

1
இந்தக் கதை என் ஸ்கூட்டர் நின்றுபோன இடத்தில் கிடைத்தது. அங்கே பட்டறை வைத்திருப்பவள் மெக்கானிக் அக்கா. எந்த வண்டி வந்தாலும், "இதுக்கு முன்னாடி என்ன ரிப்பேர்? எங்க பாத்தீங்க?" என்று குடைந்து கேட்ட பிறகுதான் கை வைப்பாள். மறைத்தால் திருப்பி அனுப்பிவிடுவாள். தன் கதையை அவளேதான் சொல்லி எழுதச் சொன்னாள்.

2
முதல் தொடக்கம்: "மரணம் அவள் உடம்பில் ஒரு நிழலைப் போல..." (சீ. இதைப் படித்துக் காட்டினால் ஸ்பானர் பறக்கும்.)

இரண்டாவது: அக்காவுக்கு மூச்சு வாங்கியது. அடிபடாமலே கையில் நீலத் திட்டுகள். அவள் தம்பி அவளை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனான்.

"இதுக்கு முன்னாடி பெரிய வியாதி ஏதாவது வந்திருக்காம்மா?"

"ஒண்ணும் இல்ல டாக்டர்," என்றாள் அக்கா.

3
(இந்த இடத்தில் பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஊரார் வண்டிக்கெல்லாம் ஜாதகம் கேட்பவள் இப்படிச் சொல்வாளா? அவளிடமே கேட்டேன். "வாயால சொன்னா திரும்பி வந்துடுமோன்னு பயம்," என்றாள். நம்பிவிட்டேன்.)

தம்பிக்குப் பொறுக்கவில்லை. "வண்டிக்காரங்க மறைச்சா அந்தக் குதி குதிக்கிற, இப்ப நீ என்ன பண்ற? டாக்டர், இவளுக்குச் சில வருஷம் முன்னாடி மார்புல புற்றுநோய் வந்து கீமோ, கதிர்வீச்சு எல்லாம் எடுத்திருக்கா."

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நல்லவேளை சொன்னீங்க. அந்தச் சிகிச்சை எடுத்தவங்கள்ல ரொம்பச் சிலருக்கு, வருஷங்கழிச்சு ரத்தப் புற்றுநோய் வரலாம். பெரும்பாலானவங்களுக்கு வராது. ஆனா எலும்பு மஜ்ஜையை உடனே பாத்துடணும்."

பார்த்தார்கள். அதுதான்.

4
முடிவு ஒன்று: அவள் இறந்துபோகிறாள். இலக்கியப் பத்திரிகைகளுக்குப் பிடிக்கும். ("உனக்கு வேற பொழப்பே இல்லையா?" என்றாள் அக்கா.)

முடிவு இரண்டு: அவள் மனமுடைந்து... (அவளா? போகட்டும்.)

நடந்தது இது. முடி கொட்டியது. ஒரு காய்ச்சல் அவளை எமன் வாசல்வரை கொண்டுபோய் விட்டது. தம்பியின் மஜ்ஜை பொருந்தியது; அதை அவளுக்கு ஏற்றினார்கள். "சின்ன வயசுல என் பங்கையும் சேத்துத் தின்னவன், இப்பதான் திருப்பித் தர்றான்," என்றாள். கடைசிப் பரிசோதனையில் நோயின் சுவடே இல்லை. தம்பி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே விசில் அடித்தான். முறைத்த நர்ஸும் சிரித்துவிட்டாள். எனக்கு எழுதும்போதே கண் கலங்கியது.

5
'முற்றும்' போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா அந்தச் சொல்லைக் கிரீஸ் விரலால் தேய்த்து அழித்தாள்.

"இதை யாரு போடச் சொன்னா? டாக்டர் கூப்பிடுறப்பல்லாம் போவேன், டெஸ்டுக்கு ரத்தம் குடுப்பேன், வருவேன். அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு ஒரு வேனுக்கு அடியில் புகுந்துகொண்டாள். பின்னால் நாலைந்து வண்டிகள் நின்றன. வாசகரே, முடிவு கேட்டு நீங்கள் போனாலும் அவற்றுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும்.